ஆறு வாரம் முன்பே தொடங்குங்கள்: பால்மர இலையிலும் மைலோ டின்னிலும் செய்யும் பரிசுகள்

மலேசியாவில் ஆசிரியர் தினம் மே 16. 1956-ஆம் ஆண்டு அந்தத் தேதியில்தான் மலாயாவின் கூட்டரசு சட்டமன்றம் கல்விக் கொள்கைக்கான ரசாக் அறிக்கையின் பரிந்துரைகளை ஏற்றுக்கொண்டது. அதை நினைவில் வைத்துத்தான் பள்ளிகள் ஒவ்வொரு வருடமும் அந்த நாளைக் கொண்டாடுகின்றன. தேதி மாறுவதே இல்லை. ஆனாலும் பல வீடுகளில் முதல் நாள் இரவு பத்து மணிக்குத்தான் பிள்ளைக்கு ஞாபகம் வருகிறது. "அம்மா, நாளைக்கு டீச்சருக்கு என்ன கொடுக்கிறது?" பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் மாதிரி தோட்டப் பட்டணத்தில் அந்த நேரத்துக்கு எந்தக் கடை திறந்திருக்கும்? திறந்திருந்தாலும் கிடைப்பது ஒரு கோப்பை, இல்லையென்றால் ஒரு பேனாப் பெட்டி.

எங்கள் தாமானில், அதாவது குடியிருப்பில், ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் இருக்கிறார். தமிழ்ப்பள்ளியில் முப்பது வருடத்துக்கு மேல் வேலை பார்த்தவர். ஒருநாள் அவர் வீட்டு அலமாரியைத் திறந்து காட்டினார். மேல்தட்டு முழுக்கக் கோப்பைகள். பாதிக்கு மேல் பெட்டியை விட்டு வெளியே வந்ததே இல்லை. எந்தப் பிள்ளை எதைக் கொடுத்தது என்பது அவருக்கும் நினைவில் இல்லை. கீழ்த்தட்டில் ஒரு பழைய பிஸ்கட் டின் இருந்தது. அதற்குள் அட்டைகள், காய்ந்த பூ, நூல் கட்டிய சின்னச் சின்னக் காகிதங்கள். ஒன்றை எடுத்து என் கையில் கொடுத்தார். கணக்குப் புத்தகத்தில் இருந்து கிழித்த தாள். இரண்டாம் ஆண்டுப் பிள்ளையின் கோணல் எழுத்து: "டீச்சர் நான் வாந்தி எடுத்தப்ப நீங்க துடைச்சீங்க. யாருகிட்டயும் சொல்லல." அவ்வளவுதான், கீழே பெயர். அந்தப் பிள்ளைக்கு இப்போது கல்யாண வயது என்றார். தாளை மடித்தது மடித்தபடியே திரும்ப டின்னுக்குள் வைத்தார்.

அன்றைக்கு வந்த யோசனைதான் இந்தக் கட்டுரை. ஆசிரியர் எடுத்து வைத்துக்கொள்ளும் பரிசுக்குப் பணம் அதிகம் தேவையில்லை. நாள்தான் தேவை. இலை ஊற வேண்டும், கன்று வேர் பிடிக்க வேண்டும், பிள்ளை யோசித்து எழுத வேண்டும். ஏப்ரல் தொடக்கத்தில் கை வைத்தால் மே நடுவில் நிம்மதியாக இருக்கலாம். அன்னையர் தினமும் மே மாதம் இரண்டாவது ஞாயிற்றுக்கிழமையிலேயே வந்துவிடும். செய்வதை இரண்டு மடங்காகச் செய்துவிட்டால் இரண்டுக்கும் ஆகும்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். ஆசிரியர்கள் அரசு ஊழியர்கள். பரிசு வாங்குவதில் அவர்களுக்கு விதிமுறை உண்டு. விலை உயர்ந்த பொருளைக் கொடுத்தால் அவர்களுக்குத்தான் சங்கடம். கையால் செய்ததை யாரும் தயங்காமல் வாங்கிக்கொள்வார்கள்.

பால்மர இலை நரம்பு அட்டை

புத்தகத்தில் பக்கம் தெரிய வைக்கும் அட்டை இது. செய்வது நான்கு வார வேலை. அதில் கை வேலை என்று பார்த்தால் மூன்று மணி நேரம்கூட வராது. மீதியெல்லாம் தண்ணீரின் வேலை.

பால்மரம் என்கிற ரப்பர் மரம் பிப்ரவரி, மார்ச் வாக்கில் இலை உதிர்த்துத் துளிர் விடும். துளிர் முதலில் செம்பு நிறத்தில் இருக்கும், பிறகு வெளிர் பச்சை, கடைசியில் கரும்பச்சை. நமக்கு வேண்டியது கரும்பச்சை ஆன, தொட்டால் விறைப்பாக இருக்கும் இலை. இளசு சரிப்படாது, நரம்பும் சேர்ந்து கரைந்துபோகும். பழுத்து மஞ்சளானதும் வேண்டாம், ஒடியும். ஒரு காம்பில் மூன்று இலை இருக்கும். அதைத் தனித்தனியாகப் பிரித்து, உள்ளங்கை நீளத்துக்கு மேல் போகாததாக, நான்கு சென்டிமீட்டர் அகலத்துக்குள் இருப்பதாகப் பொறுக்கிக்கொள்ளுங்கள். வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பாருங்கள். புள்ளி விழுந்த இடம் தெரியும். அந்த இடம் பிறகு ஓட்டையாகிவிடும்.

எங்கள் பக்கத்தில் பெரிய தோட்டங்கள் பெரும்பாலும் எண்ணெய் எடுக்கும் செம்பனைக்கு மாறிவிட்டன. பால்மரம் இப்போது சிறுதோட்டக்காரர்களிடம்தான் அதிகம். மரத்துக்குச் சொந்தக்காரரிடமோ வேலையை மேற்பார்க்கும் மண்டோரிடமோ ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் பறியுங்கள். காம்பைக் கிள்ளினால் பால் சொட்டும். சட்டையில் பட்டுக் காய்ந்தால் போகாது. பிள்ளைகளுக்குப் பழைய துணி போட்டு அழைத்துப் போங்கள்.

ஐந்து அட்டை வேண்டுமென்றால் இருபது இலை பறியுங்கள். பாதி வீணாகும். அது எல்லாருக்கும் நடப்பதுதான்.

ஒரு வாளியில் மழைத்தண்ணீர் பிடித்து இலைகளைப் போட்டு, மிதக்காமல் இருக்க மேலே ஒரு பழைய தட்டைக் கவிழ்த்து வையுங்கள். அப்புறம் வாளி வாயைப் பழைய துணியால் மூடி ரப்பர் வளையம் போட்டு இறுக்குங்கள். இதை மட்டும் விட்டுவிடாதீர்கள். தேங்கின தண்ணீரில் ஏடிஸ் கொசு முட்டையிட்டால், அது கொசுவாகப் பறக்க ஒரு வாரம், பத்து நாள் போதும். டிங்கி வந்த வீடு எத்தனையோ நம் பக்கத்தில். சுகாதார இலாகாக்காரர்கள் வந்து புழுவைக் கண்டால் அபராதமும் உண்டு.

வாரம் ஒருமுறை பாதித் தண்ணீரை ஊற்றிவிட்டுப் புதிது சேருங்கள். நாறும், அதனால் வீட்டுக்குப் பின்னால் வைப்பது நல்லது. மூன்றாவது வாரம் ஒரு இலையை எடுத்து விரலால் தேய்த்துப் பாருங்கள். மேல்தோல் கொழகொழவென்று நழுவினால் தயார். நழுவாவிட்டால் இன்னும் ஒரு வாரம் விடுங்கள்.

தேய்ப்பதுதான் பிள்ளைகளுக்குப் பிடித்த வேலை. ஒரு பீங்கான் தட்டைக் கவிழ்த்துப்போட்டு, அதன் மேல் இலையை விரித்து, கொஞ்சம் தண்ணீர் விட்டு, மெத்தென்ற பழைய பல்துலக்கியால் மெதுவாகத் தட்டுங்கள். இழுத்துத் தேய்க்கக் கூடாது. நடு நரம்பிலிருந்து ஓரத்தை நோக்கித் தட்டிக்கொண்டே போக வேண்டும். பச்சைச் சதை குழம்பு மாதிரி விலகும். முதலில் நடு நரம்பு தெரியும், அடுத்து அதிலிருந்து பிரியும் கிளை நரம்புகள், அப்புறம் அவற்றுக்கு இடையில் கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் ஒரு வலை. கொசுவலையைவிட மெல்லியது. என் மகள் முதன்முதலாக ஒரு இலையை முடித்தபோது மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தாள். மூச்சு விட்டால் பறந்துவிடுமாம்.

அவசரம் என்றால் வேகவைக்கும் வழியும் இருக்கிறது. அதைப் பெரியவர்கள்தான் செய்ய வேண்டும். ஒரு லிட்டர் தண்ணீருக்கு நான்கு மேசைக்கரண்டி சலவை சோடா போட்டு, சிறு தீயில் ஒரு மணி நேரம் வேகவிடுங்கள். தோல் நழுவாவிட்டால் இன்னும் கொஞ்ச நேரம். பாத்திரம் எவர்சில்வராக இருக்க வேண்டும். அலுமினியத்தைச் சோடா அரித்துவிடும். அந்தப் பாத்திரத்தில் மறுபடி சமைக்க வேண்டாம். கையுறை போட்டுக்கொண்டு, சன்னலைத் திறந்து வைத்துச் செய்யுங்கள். நான் இரண்டு வழியிலும் செய்து பார்த்திருக்கிறேன். வாளியில் ஊறிய இலைக்குத்தான் நரம்பு முழுசாக நிற்கிறது.

தேய்த்த இலை மங்கிய பழுப்பில் இருக்கும். அதுவே அழகுதான். வெளுப்பாக வேண்டுமென்றால், ஒரு பங்கு குளோரோக்ஸுக்கு (துணி வெளுக்கும் திரவம்) ஐந்து பங்கு தண்ணீர் கலந்து பத்து நிமிடம் போடுங்கள். முதல் வருடம் நான் தண்ணீரே கலக்காமல் ஊற்றி, மறந்துவிட்டுத் துணி காயப்போடப் போய்விட்டேன். திரும்பி வந்து பார்த்தால் பன்னிரண்டு இலையும் பஞ்சாகக் கரைந்து கிடந்தன. மூன்று வார உழைப்பு. அதனால் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே நில்லுங்கள். எடுத்ததும் மூன்று தண்ணீரில் அலசுங்கள். குளோரோக்ஸோடு வினிகரோ புளிப்பான எதுவுமோ சேர்க்கவே கூடாது, நச்சுக் காற்று வரும்.

நிறம் ஏற்ற மஞ்சள் தூள் கரைத்த வெந்நீர் போதும். சங்குப்பூ ஊறிய தண்ணீரில் போட்டால் மெல்லிய நீலம் பிடிக்கும். இரண்டும் வெயிலில் வெளிறும், ஆனால் புத்தகத்துக்குள் இருக்கிற அட்டைக்கு அது பெரிய குறை இல்லை. நிறம் ஏற்றியதும் இலையைப் பழைய நாளிதழுக்கு நடுவே வைத்து, மேலே கனமான புத்தகங்களை அடுக்கி மூன்று நாள் விடுங்கள். தினமும் தாளை மாற்ற வேண்டும்.

இனி அட்டை. கறுப்பு அல்லது கருநீல அட்டைத்தாளில் 5 சென்டிமீட்டர் அகலம், 18 சென்டிமீட்டர் நீளத்துக்கு வெட்டுங்கள். இலைக்காம்பை அடியோடு நறுக்கிவிடுங்கள். அது தடித்து நின்றால் லேமினேட் போடும்போது காற்றுக் கொப்புளம் விழும். ஈர்க்கின் நுனியில் வெள்ளைப் பசையைத் தொட்டு, நடு நரம்பின் பின்பக்கம் மூன்றே மூன்று புள்ளி. அதற்கு மேல் பசை போட்டால் வலைக்குள் வழிந்து வெள்ளையாகக் காய்ந்துவிடும். வெள்ளைத்தாளில் எழுதிய சேதியைப் பின்பக்கம் ஒட்டுங்கள்.

போட்டோஸ்டாட் கடையில் ஏ4 லேமினேட் தாள் ஒன்றிலேயே ஐந்து அட்டைகளையும் பக்கத்தில் பக்கத்தில் அடுக்கிவிடலாம். இடையில் அரை சென்டிமீட்டருக்குக் குறையாமல் இடைவெளி விடச் சொல்லுங்கள். வெட்டும்போது அட்டையை ஒட்டி வெட்டினால் ஓரம் பிரிந்துகொள்ளும், சுற்றிலும் கொஞ்சம் பிளாஸ்டிக் விளிம்பு நிற்க வேண்டும். இலை முழுக்கக் காய்ந்திருக்க வேண்டும் என்பதையும் மறக்காதீர்கள். ஈரம் உள்ளே மாட்டிக்கொண்டால் இரண்டு மாதத்தில் கறுப்புப் பூஞ்சை பூக்கும். மேலே ஓட்டை போட்டு, பழைய சேலைக் கரையில் ஒரு நாடா கிழித்துக் கட்டினால் வேலை முடிந்தது. அட்டைத்தாள், பசை, லேமினேட் எல்லாம் சேர்ந்து ஐந்து அட்டைக்கு எனக்குப் பத்து வெள்ளி (ரிங்கிட்) தாண்டியதில்லை.

பின்பக்கத்தில் இந்த மரத்தைப் பற்றி ஒரு வரி எழுதச் சொன்னால் பிள்ளைகளுக்குப் பெருமையாக இருக்கும். 1877-இல் லண்டன் கியூ தோட்டத்திலிருந்து சிங்கப்பூர் வழியாக வந்த ரப்பர் கன்றுகளில் ஒன்பதைக் கோலக்கங்சாரில்தான் நட்டார்கள். சுங்கை சிப்புட்டிலிருந்து அது பக்கத்து ஊர். நம் தாத்தா பாட்டிகள் கப்பலேறி வந்ததும், விடியுமுன்னே தலைவிளக்கு கட்டிக்கொண்டு பால்வெட்டப் போனதும் இந்த மரத்தை நம்பித்தான். என் அப்பாவும் பால்வெட்டியவர்தான். இந்த இலையில் பரிசு செய்வது எனக்கு அதனாலேயே கூடுதலாகப் பிடிக்கும்.

என்ன எழுதுவது

பரிசில் பாதி இதுதான். ஆனால் பெரும்பாலான பெற்றோர் இதைக் கடைசி ஐந்து நிமிடத்துக்குத் தள்ளிவிடுகிறார்கள். "ஆசிரியர் தின வாழ்த்துகள், உங்கள் சேவைக்கு நன்றி" என்று நாம் சொல்லச் சொல்லப் பிள்ளை எழுதும். வகுப்பில் முப்பது பேர் இருந்தால் முப்பது அட்டையிலும் அதே வரி.

பிள்ளையிடம் கேள்வி கேளுங்கள். இந்த வருடம் டீச்சர் உன்னிடம் தனியாக என்ன சொன்னார்? எந்தப் பாடம் முதலில் வரவில்லை, எப்போது வந்தது? டீச்சர் சிரித்தது எப்போது? பதில் வரும்வரை பேசாமல் இருங்கள். அவசரப்பட்டு நாமே பதிலை எடுத்துக்கொடுத்துவிடுகிறோம். என் மகன் நெடுநேரம் பென்சிலைக் கடித்துக்கொண்டிருந்துவிட்டு எழுதியது இது: "சார், வகுத்தல் கணக்கு எனக்கு மூணு தடவை சொல்லிக் கொடுத்தீங்க. மூணாவது தடவையும் கோபப்படல." அந்த வரியை நான் திருத்தவில்லை. எழுத்துப் பிழை இருந்தால்கூடப் பெரிதாக ஒன்றும் இல்லை, டீச்சருக்குத் தன் மாணவனின் பிழை தெரியாதா?

மலாய், ஆங்கிலம் கற்பிக்கும் சிக்குவுக்கு (மலாயில் ஆசிரியர்) எழுதும்போது பிள்ளை தனக்குத் தெரிந்த மலாயில் இரண்டு வரி எழுதட்டும். கீழே தமிழில் "நன்றி" என்று பெரிதாக எழுதி, அதை எப்படி உச்சரிப்பது என்று நேரில் சொல்லிக் காட்டட்டும்.

மைலோ டின்னில் கறிவேப்பிலை

வீட்டில் கறிவேப்பிலை மரம் இருந்தால் அதைச் சுற்றிப் பக்கக்கன்றுகள் முளைத்திருக்கும். ஏப்ரல் தொடக்கத்தில், ஒரு சாண் உயரமுள்ள கன்றை வேரோடு தோண்டி எடுங்கள். தாய் வேரிலிருந்து ஒரு துண்டும் சேர்ந்து வந்தால்தான் பிழைக்கும். வெறுமனே பிடுங்கி எடுத்தால் வாடிவிடும்.

மைலோ டின்னின் அடியில் ஆணியால் ஐந்து ஓட்டை போடுங்கள். இரண்டு பங்கு தோட்டத்து மண், ஒரு பங்கு மணல், ஒரு பங்கு மக்கிய சாணம். கன்றை நட்டு, இலையில் பாதியைக் கிள்ளிவிட்டு, நிழலில் இரண்டு வாரம் வையுங்கள். முதலில் மீதி இலையும் கொட்டும். பயப்படாதீர்கள், தண்டு பச்சையாக இருந்தால் உயிர் இருக்கிறது. நான்காவது, ஐந்தாவது வாரத்தில் நுனியில் துளிர் வரும். அந்தத் துளிரோடு கொடுக்க வேண்டும்.

டின்னுக்குப் பரிசுத்தாள் சுற்ற வேண்டாம். முதல் தடவை தண்ணீர் ஊற்றியதுமே ஊறிப்போகும். கிழிந்த பாத்தேக் கைலித் துணியைச் சுற்றிச் சணல் கயிற்றால் கட்டுங்கள். அந்த டின்னின் பிளாஸ்டிக் மூடியே அடித்தட்டாக அளவாகப் பொருந்தும், தண்ணீர் மேசையில் ஒழுகாது. ஒரு ஈர்க்குக் குச்சியில் சின்னச் சீட்டு ஒட்டி, பிள்ளையின் பெயரையும் வருடத்தையும் எழுதிச் செருகுங்கள். பட்டணத்தில் வாடகை வீட்டில் இருக்கும் ஆசிரியர்களுக்கு இதைவிடப் பயன்படும் பரிசு எனக்குத் தெரியவில்லை.

கித்தாக்கொட்டைப் பல்லாங்குழி

பால்மரக் காய் உச்சி வெயிலில் பட்டென்று வெடித்துக் கித்தாக்கொட்டை தெறிக்கும். ஆகஸ்ட், செப்டம்பர் வாக்கில் மரத்தடியில் அள்ளலாம். அதனால் இதை ஆசிரியர் தினத்துக்கு என்று நினைக்காதீர்கள். தீபாவளிக்கும் ஆண்டிறுதிக்கும் பிறந்தநாளுக்கும் வைத்துக்கொள்ளுங்கள்.

குழிக்கு ஐந்து என்று பதினான்கு குழிக்கு எழுபது கொட்டை வேண்டும். ஓட்டை விழுந்ததையும், ஆட்டினால் உள்ளே கலகலவென்று சத்தம் வருவதையும் ஒதுக்கிவிட்டு, கழுவி, மூன்று நாள் நல்ல வெயிலில் காயவைத்து, தேங்காயெண்ணெய் தொட்ட துணியால் துடைத்தால் அந்தப் பழுப்புப் புள்ளிகள் பளபளக்கும். பலகைக்குப் பதில் ஒரு தடித்த பருத்தித் துணி போதும். தண்ணீர்க் குவளையைக் கவிழ்த்து ஏழேழு வட்டமாக இரண்டு வரிசை வரைந்து, வட்டத்தின் மேல் ஓட்டுத்தையல் போடுங்கள். துணியைச் சுருட்டினால் அதுவே பை. விளையாடும் முறையைப் பாட்டியிடம் கேட்டுப் பிள்ளை ஒரு தாளில் எழுதி உள்ளே வைக்கட்டும்.

பாலர் பள்ளி ஆசிரியைகளுக்கும் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்கும் இதைக் கொடுத்திருக்கிறேன். ஒரே எச்சரிக்கை: இந்தக் கொட்டையின் பருப்பில் நச்சு உண்டு. எதையும் வாயில் போடும் வயதுப் பிள்ளை இருக்கும் வீட்டுக்குக் கொடுக்காதீர்கள்.

தீபாவளிக்குப் பணப் பாக்கெட்

தீபாவளிக்கு வீட்டுக்கு வரும் பிள்ளைகளுக்குப் பணம் வைத்துக் கொடுக்கும் பாக்கெட்டை வாங்கவே தேவையில்லை. ஒரு ஏ4 தாளைக் குறுக்கே பாதியாக வெட்டினால் இரண்டு பாக்கெட் வரும். பாதித் தாளை அகலவாட்டில் வையுங்கள். வலது ஓரம் 2 சென்டிமீட்டர் ஒட்டும் மடிப்புக்கு, மீதி 19-ஐ நடுவில் மடித்தால் 9.5 அகலம். கீழே ஒன்றரை சென்டிமீட்டர் மடித்து ஒட்டுங்கள், மேலே இரண்டரையை மூடியாக விடுங்கள். எந்த வெள்ளி நோட்டையும் ஒரு மடிப்பு மடித்தால் உள்ளே தாராளமாகப் போகும். முன்பக்கத்தில் பிள்ளை புள்ளிக்கோலம் போடட்டும். பழைய நாட்காட்டித் தாள் நல்ல கெட்டியாக இருக்கும், படத்தை உள்பக்கமாக வைத்து மடியுங்கள்.

தின்பண்டம் கொடுப்பதாக இருந்தால்

முறுக்கும் நெய்யுருண்டையும் பாட்டிலில் போட்டுக் கொடுக்கலாம், காப்பித்தூள் பாட்டில் நல்ல இறுக்கமாக மூடும். நன்றாக ஆறிய பிறகே போடுங்கள், சூட்டோடு போட்டால் நமுத்துவிடும். மலாய் ஆசிரியர்களுக்கு வீட்டுப் பலகாரம் கொடுக்கும் முன் யோசியுங்கள். வாங்கிக்கொள்வார்கள், ஆனால் எந்தச் சமையலறையில் செய்தது என்று தெரியாமல் சாப்பிடச் சிலர் தயங்குவார்கள். தயங்கும் நிலையில் அவர்களை வைக்க வேண்டாம். அவர்களுக்கு இலை அட்டையோ கன்றோ கொடுத்துவிடுங்கள்.

யாரை விட்டுவிடுகிறோம்

பட்டியல் எழுதும்போது வகுப்பாசிரியரோடு நின்றுவிடாதீர்கள். காலையில் பசியாற ரொட்டி எடுத்துக்கொடுக்கும் கண்டீன் அக்கா, கேட்டில் நிற்கும் ஜாகா, புல் வெட்டுபவர், மழையிலும் வீட்டு வாசல்வரை வரும் பள்ளி வேன்காரர், இவர்களுக்கும் பிள்ளைகள் கொடுக்கலாம். எங்கள் வேன்காரருக்கு என் மகள் இலை அட்டையைக் கொடுத்தாள். அவர் புத்தகம் படிப்பவர் இல்லை. வேனில் சாமிப் படத்துக்குப் பக்கத்தில் செருகி வைத்திருக்கிறார்.

ஆசிரியர் ஒருவர் ஓய்வு பெறுகிறார் என்றால், தனித்தனியாகக் கொடுப்பதைவிட வகுப்பே சேர்ந்து ஒன்று செய்வது நல்லது. ஆளுக்கு ஒரு வெள்ளி போட்டால் நல்ல ஏடு ஒன்று வாங்கிவிடலாம். ஒரு பக்கத்துக்கு ஒரு பிள்ளை, மேலே சொன்ன கேள்விகளில் ஒன்றுக்குப் பதில், ஓரத்தில் விரல் ரேகை. பழைய மாணவர்களிடமும் ஒரு பக்கம் வாங்கப் பாருங்கள். மூன்று வாரம் முன்பே ஏட்டைச் சுற்றுக்கு விட்டால்தான் எல்லாரிடமும் போய்த் திரும்பும். யார் வீட்டில் ஏடு இருக்கிறது என்று ஒரு பெற்றோர் கணக்கு வைத்துக்கொள்ள வேண்டும். எங்கள் வகுப்பு ஏடு ஒருமுறை யாருடைய பையிலோ ஐந்து நாள் தங்கிவிட்டது.

வெள்ளி கொடுக்க முடியாத பிள்ளையிடம் கேட்காமல் விடுங்கள். பக்கம் மட்டும் கட்டாயம் கொடுங்கள்.

இதை மே 15 இரவில் படிக்கிறீர்கள் என்றால்

இலைக்கும் கன்றுக்கும் நேரம் இல்லை. ஒரு வெள்ளைத்தாளை நான்காக மடியுங்கள். பிள்ளையின் கையைத் தாளின் மேல் வைத்துப் பென்சிலால் சுற்றி வரையுங்கள். ஐந்து விரலுக்குள்ளும் இந்த வருடம் டீச்சரிடம் கற்றுக்கொண்ட ஐந்து விஷயங்களைப் பிள்ளை எழுதட்டும். வாய்ப்பாடோ, செருப்பு வார் கட்டுவதோ, பொய் சொல்லாமல் இருப்பதோ, எதுவானாலும் சரி. ஐந்தாவது விரலுக்கு ஒன்றும் தோன்றவில்லை என்றால் காலையில் பள்ளிக்குப் போகும் வழியில் தோன்றும், பேனாவைப் பையில் போட்டு அனுப்புங்கள். பின்பக்கத்தில் பெயர், வகுப்பு, வருடம். வருடத்தை மட்டும் மறக்க வேண்டாம். அந்தப் பிஸ்கட் டின்னில் இருந்த தாள்களில் பாதிக்கு மேல் வருடம் இல்லை. எந்தப் பிள்ளை எப்போது எழுதியது என்று ஆசிரியை ஒவ்வொன்றாகக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு யோசித்துக்கொண்டிருந்தார்.